பண்டமும் பெயரும் உரிமையும்: வன்னிநிலத்து உணவுத் தொழில்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பண்டத்தை ஆக்கும் அறிவு யாருக்குரியது? அப்பண்டம் வழங்கும் பெயர் யாருக்குரியது? இவ்விரு வினாக்களும் பெருங்கம்பனிகளும் சட்டத்தரணிகளும் மாத்திரமே எழுப்புவன என்ற எண்ணம் நம்மிடையே நிலவுகின்றது. அவ்வெண்ணம் தவறானது என்பதை 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆனையிறவில் நிகழ்ந்தது உணர்த்திற்று. அங்கு மேசையுப்புத் தயாரிக்கும் தொழிற்சாலை தொடக்கி வைக்கப்பட்டபோது, அவ்வுப்பு 'ரஜ லுணு' என்னும் சிங்களப் பெயருடன் சந்தைக்கு வருமென அறியப்பட்டது. 'ஆனையிறவு உப்பு' என்ற பெயரே வழங்கப்படல் வேண்டுமென்ற கோரிக்கை வடபுலத்து மக்களிடமிருந்தும் மக்கட் பிரதிநிதிகளிடமிருந்தும் உடனடியாக எழுந்தது. உப்பு ஒன்றே, அளவும் ஒன்றே, விலையும் மாறவில்லை. பெயர் ஒன்றே பிணக்குக்குரியதாயிற்று. பெயரும் ஒரு சொத்து என்பதைப் பொதுமக்கள் சட்டநூல் கற்காமலே உணர்ந்திருந்தனர் எனலாம்.

புலமைச் சொத்துரிமை என இன்று வழங்கப்படும் உரிமைத் தொகுதி உணவுத் தொழிலுடன் எவ்வாறு தொடர்புற்று வளர்ந்தது என்பதையும், முல்லைத்தீவும் கிளிநொச்சியும் உள்ளிட்ட வன்னிநிலத்தின் பனம்பண்டங்களுக்கும் உப்புக்கும் அவ்வுரிமைகள் எந்த அளவுக்குப் பொருந்துவன என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உணவும் தனியுரிமையும்

புதியது புனைந்தவனுக்குக் குறித்த காலத்துக்குத் தனியுரிமை வழங்கும் வழக்கம் பற்றிய மிகப் பழைய செய்தி உணவைப் பற்றியதாகவே அமைந்திருத்தல் வியப்புக்குரியது. தென் இத்தாலியிலிருந்த சிபாரிசு என்னும் கிரேக்கக் குடியேற்ற நகரில், புதிய உண்டியொன்றைக் கண்ட சமையற்காரன் ஓராண்டுக் காலம் அதனைத் தான் மட்டுமே ஆக்கும் உரிமை பெற்றிருந்தான் என்று அதினேயசு என்னும் பிற்கால கிரேக்க ஆசிரியர் குறித்துள்ளார். இதனை நிகழ்ந்த வரலாறு என்று கொள்வதிலும், சிபாரிசு நகரத்தாரின் சுகபோகத்தைச் சுட்ட எழுந்த கதை என்று கொள்வதே பாதுகாப்பானது. ஆயினும், புதுமைக்கு ஊக்கமளிக்கத் தனியுரிமை உதவும் என்ற எண்ணம் பழைமையானது என்பதற்கு அது சான்றாகும்.

இக்காலத்து உணவுத் தொழிலின் தொடக்கத்தில் இரு வழிகள் எதிரெதிராக நின்றமையைக் காண்கிறோம். பிரான்சு நாட்டு நிக்கொலா அப்பேர், உணவைக் கண்ணாடிக் கலங்களில் அடைத்து வெப்பமூட்டிப் பேணும் முறையைக் கண்டவர். பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது; முறையை நூலாக வெளியிட்டு யாவருக்கும் அறிவித்தல் வேண்டும் என்பது அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனையாகும். 1810இல் அந்நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீற்றர் டூரண்ட் என்பவர், தகரக் கலங்களையும் உள்ளடக்கிய ஒத்த முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். பின்னர் அவ்வுரிமையை விலைக்கும் கொடுத்தார். ஒரே கண்டுபிடிப்பு ஒரு நாட்டில் பரிசுக்கு ஈடாகப் பொதுச் சொத்தாகவும், மறு நாட்டில் விற்றுவாங்கத்தக்க தனிச் சொத்தாகவும் ஆயிற்று. அறிவைப் பொதுவாக்கல், அறிவை வேலியிடல் என்னும் இவ்விரு போக்குகளின் இழுபறியே பின்வந்த வரலாறு எனின் மிகையாகாது.

உணவை ஏனைய பண்டங்களினின்றும் வேறாக நோக்கும் மரபு நெடுங்காலம் நிலவியது. 1877ஆம் ஆண்டின் யேர்மானிய ஆக்கவுரிமைச் சட்டம் உணவுப் பொருள்களுக்கும் மருந்துகளுக்கும் ஆக்கவுரிமை வழங்க மறுத்தது. அவற்றை ஆக்கும் முறைக்கு மாத்திரம் உரிமை வழங்கியது. பிரித்தானியாவும் 1919இல் இதனையொத்த கட்டுப்பாட்டை விதித்தது. சுதந்திர இந்தியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வழியையே பின்பற்றியது. உணவு மக்களின் உயிர்த்தேவை. எனவே பண்டத்தை ஒருவர் தமதென முடக்குதல் தகாது. வேறொரு வழியால் அதே பண்டத்தை மலிவாக ஆக்க முனைபவருக்கு வாயில் திறந்திருத்தல் வேண்டும் என்பதே இதன் உட்கிடை. 1995இல் உலக வர்த்தக நிறுவனத்துடன் நடைமுறைக்கு வந்த புலமைச் சொத்து உடன்படிக்கை இம்மரபுக்கு முடிவு கட்டியது. தொழில்நுட்பத்தின் எல்லாத் துறைகளிலும் பண்டம், முறை ஆகிய இரண்டுக்கும் ஆக்கவுரிமை கிடைத்தல் வேண்டுமென அது விதித்தது. இந்தியா 2005இல் தன் சட்டத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது.

2. இலங்கையின் சட்ட மரபு

இலங்கையில் ஆக்கவுரிமை பற்றிய முதற் சட்டம் பிரித்தானியர் ஆட்சியில் 1859இல் தோன்றியது. 1906ஆம் ஆண்டின் ஆக்கவுரிமைக் கட்டளைச் சட்டமும், 1925ஆம் ஆண்டின் வியாபாரக் குறிகள் கட்டளைச் சட்டமும் சுதந்திரத்தின் பின்னரும் நெடுங்காலம் நிலைத்திருந்தன. அக்காலப் பொருளாதாரம் பெருந்தோட்டப் பொருளாதாரம் ஆதலின், இச்சட்டங்கள் வேண்டப்பட்டதும் பெரும்பாலும் அதன் சூழலிலேயே எனலாம். பாளை சீவியவனும் உப்பு வாரியவனும் இச்சட்டங்களை அறிந்திருக்க நியாயமில்லை. அவர்கள் அறிந்த சட்டம் வேறு. கள்ளைப் பொறுத்தவரை மதுவரிச் சட்டமும், உப்பைப் பொறுத்தவரை அரசின் உப்புத் தனியுரிமையுமே அவர்களது வாழ்க்கையைத் தொட்ட சட்டங்களாம். முன்னையது உரிமையளிக்கும் சட்டம். பின்னையது உரிமையைக் கட்டுப்படுத்தி வரி திரட்டும் சட்டம். ஒரே ஆட்சியின் கீழ் உற்பத்தியாளருள் ஒரு சாரார் புனைவாளராகவும், மறு சாரார் வரிக்கும் அனுமதிக்கும் உட்பட்டோராகவும் நோக்கப்பட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துக் கோவைச் சட்டம் சிதறிக் கிடந்த சட்டங்களை ஒன்று திரட்டியது. அதன் இடத்தைப் பெற்ற 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் ஆக்கவுரிமை, வியாபாரக் குறி, கூட்டுக் குறி, சான்றுக் குறி, நேர்மையற்ற போட்டி, வெளிப்படுத்தப்படாத தகவல், புவியியற் குறியீடு ஆகியன பற்றி விதிகள் வகுத்தது. ஒரு பண்டத்தின் தரமோ, புகழோ, பிற இயல்போ அது தோன்றிய நிலத்தையே முதன்மையாகச் சார்ந்திருப்பின், அந்நிலத்தைச் சுட்டும் பெயர் புவியியற் குறியீடாகும். இதனைப் பதிவு செய்வதற்குரிய ஏற்பாடு 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தாலேயே உண்டாயிற்று. அதே ஆண்டு பெப்ரவரியில் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தில் புவியியற் குறியீடாகப் பதிவு பெற்றது. தெற்கின் கறுவாவுக்குக் கிட்டிய இவ்வாய்ப்பு வடக்கின் பண்டங்களுக்கும் கிட்டுமா என்ற வினா இவ்விடத்தில் எழுகின்றது.

3. பனை: பெயரற்றோர் கண்ட புதுமைகள்

வடபுலத்தின் கரையோரங்களில் போன்று முல்லைத்தீவின் மணற்பாங்கான கரையோர நிலத்திலும் பனை செழித்து வளர்கின்றது. பனம்பண்டங்களை நாம் 'பழைய உணவு' என்று ஒதுக்கிவிடுதல் வழக்கம். ஆயின், அவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் எவரோ ஒருவர் கண்ட புதுமையே ஆதல் வேண்டும்.

பதநீரை எடுத்துக்கொள்வோம். பாளையிலிருந்து வடியும் இனிய சாறு சில மணி நேரத்தில் மதுவங்களாலும் பற்றீரியாக்களாலும் நொதித்துக் கள்ளாகிவிடும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் அச்சாறு காரத்தன்மை பெறுகின்றது. நுண்ணுயிர்கள் பெருகுதல் தடைப்படுகின்றது. சாறு இனிமை மாறாதிருக்கின்றது. சுண்ணாம்பு குறையின் சாறு புளிக்கும். மிகின் காய்ச்சும் கட்டி நிறங் கறுத்துச் சுவை கெடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைத் தொழிலாளி கைப்பழக்கத்தால் அறிந்திருந்தான். பனங்கட்டியும் கற்கண்டும் இவ்வறிவின் மீதே எழுந்தவை. அப்பேர் வெப்பத்தால் சாதித்ததைப் போன்றதொரு பேணுமுறையை இவர்கள் சுண்ணாம்பால் சாதித்தனர். அப்பேரின் பெயர் நூலில் நிற்கின்றது. இவர்களது பெயர் எங்கும் இல்லை.

ஒடியலும் அத்தகையதே. பனங்கிழங்கைப் பிளந்து உலர்த்திய ஒடியலிலிருந்து பெறும் மாவு பிட்டுக்கும் கூழுக்கும் பயன்படுவது. ஒடியல் மாவை எலிகளுக்கு உணவாக அளித்தபோது நச்சு விளைவுகள் தோன்றியமையை பேராதனையில் எஸ். என். அரசகுலரட்ணவும் அவருடன் பணியாற்றியோரும் 1971இல் வெளியிட்டனர். வெப்பமூட்டுதல் இவ்விளைவுகளைக் குறைக்கின்றமையைப் பின்வந்த ஆய்வுகள் சுட்டின. மாவை நீரில் ஊறவிட்டுப் பிழிந்து கசப்பகற்றிப் பின்னர் அவிக்கும் வீட்டு வழக்கமும், கிழங்கை அவித்து உலர்த்திப் புழுக்கொடியலாக்கும் வழக்கமும் இவ்வாய்வுகளின் ஒளியில் புதிய பொருள் பெறுகின்றன. வழக்கம் யாவும் அறிவியலே என்று கூற இது இடந்தராது. ஆயினும், வழக்கத்தினுள் சோதித்தறியப்பட்ட அறிவு பொதிந்திருக்கலாம் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பனம்பழத்தின் கசப்பைப் பற்றிய ஆய்வு இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. பழத்தின் களியை வெயிலில் உலர்த்திப் பனாட்டாக்கும் வழக்கம் உண்டெனினும், பழத்தின் பெரும்பகுதி மரத்தடியிலேயே வீணாகின்றது. களியிலுள்ள கசப்பே அதனைப் பானமாகவும் பழப்பாகாகவும் ஆலைகளில் ஆக்குவதற்குத் தடையாயிருந்தது. பிளபெலிபெரின் எனப்படும் பொருள்களே இக்கசப்புக்குக் காரணம் என்பதும், நரிங்கினேசு என்னும் நொதியத்தால் அதனை நீக்கலாம் என்பதும் ஈ. ஆர். ஜான்ஸ், கே. தெய்வேந்திரராசா முதலியோரின் ஆய்வால் 1994இல் வெளிவந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரும் தென்னிலங்கை ஆய்வாளரும் போர்க்காலத்தில் இணைந்து கண்ட பயன் இது. அறிவியலேட்டில் வெளியிடப்பட்டமையால் இவ்வறிவு யாவருக்கும் பொதுவாயிற்று. வெளிப்பட்டதொன்று புதுமை எனக் கொள்ளப்படாது. புதுமையற்றதற்கு ஆக்கவுரிமையும் இல்லை. அப்பேரின் வழியையே நம் ஆய்வாளரும் தெரிந்துகொண்டனர் எனலாம். ஆனால் பொதுவாக்கப்பட்ட அறிவைப் பண்டமாக்கும் ஆலையும் முதலும் இல்லாதவிடத்து, அவ்வறிவு நூலகத்திலேயே தங்கிவிடும். நம் நாட்டில் நிகழ்ந்தது பெரிதும் அதுவே.

4. எழுதப்பட்டதே காவல்

மரபறிவை ஆக்கவுரிமைச் சட்டம் நேரடியாகக் காப்பதில்லை. காலங்காலமாக வழங்கிவருவது புதியதன்று, ஒருவராற் கண்டதுமன்று. எனவே, பாளை சீவுவோன் அச்சட்டத்தின் முன் புனைவாளன் ஆவதில்லை. ஆயினும், பிறர் அவ்வறிவைத் தமதாக்கிக்கொள்வதைத் தடுக்கும் வழி ஒன்றுண்டு. அவ்வழியை மஞ்சள் பற்றிய வழக்கு விளக்கியது. புண்ணாற்றுதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் 1995இல் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல், கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களிலும் ஏடுகளிலும் இருந்து சான்று காட்டி எதிர்த்தது. 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டிலும் பாட்டிமார் அறிந்திருந்தமை போதிய சான்றாகக் கொள்ளப்படவில்லை. எழுத்தில் இருந்தமையே வழக்கை வென்றது.

இந்நோக்கில் பனையைப் பற்றிய பழைய எழுத்துக்கள் புதிய மதிப்புப் பெறுகின்றன. வில்லியம் பேர்கசன் 1850இல் கொழும்பில் வெளியிட்ட பனை பற்றிய நூல், இலங்கையில் அம்மரத்தின் பயன்களை விரிவாகத் தொகுத்தது. பனையின் எண்ணூற்றொரு பயன்களைக் கூறுவதாகச் சொல்லப்படும் தாலவிலாசம் என்னும் தமிழ்ச் செய்யுளையும் அது குறிப்பிடுகின்றது. புலவர் ஒருவர் மரத்தின் சிறப்பைப் போற்றப் பாடியது, பிற்காலத்தில் உரிமை வழக்கொன்றில் சான்றாக நிற்கத்தக்க ஆவணமும் ஆகலாம்.

ஆனால் பேர்கசனின் நூலாயினும், ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடாயினும், ஆட்சியின் தேவைகளும் வெளியாரின் ஆவலும் வகுத்த எல்லைக்குள் நின்றவை. தொழில் செய்தோரின் வாய்மொழியாக அவர்களது நுட்பங்களைப் பதிவு செய்த நூல்கள் மிகச் சிலவே. இதற்குச் சமூகக் காரணமும் உண்டு. நிலமும் மரமும் ஒரு சாராருக்கும், மரமேறும் உழைப்பு சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மறு சாராருக்கும் உரியனவாயிருந்தன. உழைப்பை இழிவாகக் கருதிய சமூகம் அவ்வுழைப்பினுள் இருந்த அறிவை அறிவென்று ஏற்கவில்லை, ஏற்காததை எழுதவுமில்லை. 1970களில் தோன்றிய பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும், 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் தொழிலாளரின் வருவாயையும் பண்டங்களின் சந்தையையும் ஓரளவு சீர்செய்தன. ஆயின், அறிவின் மீதான உரிமை பற்றிய வினா அப்போதும் எழவில்லை.

இவ்விடைவெளியில் போர் வந்தது. பனைகள் காப்பரண்களுக்காகவும் எறிகணைகளாலும் பெருந்தொகையாக அழிந்தன. வன்னி மக்கள் யாவரும் இடம்பெயர்ந்தனர். 2009இல் முல்லைத்தீவின் கரையோரமே இறுதிப் போர்க்களமாயிற்று. வடலி நட்டால் பல்லாண்டுகள் கழித்தேனும் பனை மீளும். எழுதப்படாது மறைந்த முதியோரின் கைப்பழக்கம் மீளாது.

5. பெயரின் எல்லை

ஆக்கவுரிமை மரபுப் பண்டத்துக்குப் பொருந்தாதெனின், பெயருரிமை பொருந்துமா? தமிழ்நாட்டு அனுபவம் நம்பிக்கை தருவதாயுள்ளது. பழனிப் பஞ்சாமிர்தம் 2019இலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இலும், உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இலும் புவியியற் குறியீட்டுப் பதிவு பெற்றன. ஆக்கவுரிமை ஒருவருக்குரியது, காலவரையறை உடையது. புவியியற் குறியீடு ஓர் ஊராருக்குரியது, தரம் பேணப்படும்வரை நிலைப்பது. கூட்டாக உருவான அறிவுக்குக் கூட்டான உரிமையே இயைபுடையது என்பது வெளிப்படை.

எனினும் பெயருக்கு எல்லை வரைதல் எளிதன்று. 'யாழ்ப்பாணம்' என்ற பெயரில் பனங்கட்டிக்குக் குறியீடு பெறப்படுமாயின், முள்ளியவளையிலோ மாத்தளனிலோ கட்டி காய்ச்சும் குடும்பத்தின் நிலை யாது? முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இலேயே. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. நேற்று வரைந்த நிருவாக எல்லை, நெடுங்காலமாக ஒன்றாயிருந்த தொழில்மரபைப் பிளக்கலாகாது. புகழ்பெற்ற பெயரின் நிழலில் புகழ் பெறாத ஊரார் சட்டத்தால் புறந்தள்ளப்படும் அபாயம் இங்குண்டு. மேலும், 1995ஆம் ஆண்டு உடன்படிக்கை மதுவகைகளுக்கு வழங்கிய கூடுதலான காப்பை உணவுப் பண்டங்களுக்கு வழங்கவில்லை. அவ்வுடன்படிக்கையின் நோக்கில், பனஞ்சாராயத்தின் பெயர் பனங்கட்டியின் பெயரினும் உறுதியான காப்புடையது! விதி வகுத்தோர் எவர் நலனை முன்வைத்தனர் என்பதை இது காட்டுகின்றது.

ஆனையிறவு உப்பின் செய்தி இதனினும் வேறானது. கடனீரேரியின் நீரைப் பாத்திகளில் படிப்படியாகச் செறிவாக்கி, முதலில் படியும் பொருள்களை நீக்கி, உப்புப் படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரை அகற்றும் முறை உலகெங்கும் உள்ளதே. இலங்கையில் 1995 முதல் உணவுக்காக விற்கும் உப்பில் அயடீன் சேர்த்தலும் கட்டாயமாதலின், உறையிலிட்ட உப்புகள் தம்முள் வேறுபாடு குறைந்தன. இத்தகைய பண்டத்தில் வேறுபாட்டைத் தருவது பெயரே. 1990இல் போரால் மூடுண்டு, பெரும்போர்கள் நிகழ்ந்த களமாகிப் பின்னர் மீண்ட அவ்வுப்பளத்தின் பெயர், அங்கு உழைத்தோரின் நினைவையும் அப்புலத்தின் வரலாற்றையும் தாங்குவது. அப்பெயரை நீக்கி வேறொன்றை இடுதல் வியாபாரத் தந்திரம் மாத்திரமன்று. ஒரு நிலத்தின் புகழை அந்நிலத்தாரிடமிருந்து பிரித்தெடுத்தலும் ஆகும். அதேவேளை, பெயர் தமிழில் இருப்பதனால் மாத்திரம் உப்பளத் தொழிலாளியின் கூலி உயர்ந்துவிடாது என்பதையும் மறத்தல் ஆகாது. பெயரால் வரும் மிகை விலை உழைப்பவனைச் சென்றடைதற்குரிய ஒழுங்கு இல்லாதவிடத்து, பெயருரிமை வெற்றுப் பெருமையாய் முடியும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். மரபுப் பண்டங்களை ஆக்கும் அறிவுக்கு வேலியிடும் ஆக்கவுரிமை பொருந்துவதன்று; கசப்பு நீக்கம் போன்ற புதிய ஆய்வுகளுக்கு அது பொருந்துமாயினும், ஆய்வைப் பண்டமாக்கும் ஆலை இல்லாதவிடத்து அதனாற் பயனில்லை. கூட்டாக உருவான பண்டத்துக்குப் புவியியற் குறியீடும் கூட்டுக் குறியுமே ஏற்றவை. அவற்றைக் கோருவோர் சீவற்றொழிலாளர் சங்கங்களாகவும் உப்பளத் தொழிலாளராகவும் இருத்தல் வேண்டும். எல்லையை வரையுமிடத்து வன்னியின் சிற்றூர்கள் விடுபடலாகாது. மூன்றாவதாக, எவ்வுரிமையைக் கோருவதற்கும் சான்று வேண்டும். சான்று எழுத்திலேயே உள்ளது.

எழுதினால் அறிவு பொதுவாகிவிடும். முதலுடையோர் அதனைப் பயன்படுத்திக்கொள்வர் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் எழுதாவிடின் அவ்வறிவு முதலுடையோருக்கும் இல்லை, உடையோருக்கும் இல்லை என்றாகிவிடும். எழுதியவிடத்து, யாரிடமிருந்து, எவ்வூரில் பெறப்பட்டது என்பதைச் சேர்த்து எழுதுதல் வேண்டும். அதுவே பிற்காலத்தில் உரிமை கோருவதற்கு அடிப்படையாகும்.

பல்கலைக்கழகத்தின் விடுமுறைக் காலங்களில் மாணவர் பலர் வன்னிக்குச் செல்கின்றனர். பலருக்கு அதுவே சொந்த ஊர். முட்டிக்கு எவ்வளவு சுண்ணாம்பு இடுவது, பாகு எப்பதத்தில் குட்டானில் வார்க்கப்படுவது, பனாட்டுக்கு எத்தனை நாள் வெயில் வேண்டும் என்பவற்றைக் கேட்டறிந்து குறித்து வருதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். பதில் சொல்லத்தக்க முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே இப்பணி நடைபெறல் வேண்டும்.